யார்டுக்கு நேரம் கொண்டுபோக கோஆக்ஸா, ஃபைபரா?

எங்கள் 110 கேவி துணை மின்நிலையத்தில் பாதி ரிலேக்கள் (கோளாறு வந்தால் லைனைத் துண்டிக்கச் சொல்லி, நடந்ததை நேரத்தோடு பதியும் கருவிகள்) கன்ட்ரோல் ரூமில், மீதி யார்டு (மின்சாதனங்கள் நிற்கும் திறந்தவெளி) கியாஸ்க்கில், அதாவது அங்குள்ள சின்ன அறையில். எல்லாவற்றுக்கும் நேரம் கொடுக்கும் ஜிபிஎஸ் கடிகாரம் ஒன்றுதான். அதன் ஐரிக்-பி சிக்னலை (நேரத்தைக் குறியீடாகச் சொல்லும் சிக்னல்) 150 மீட்டர் தள்ளியிருக்கும் கியாஸ்க்குக்கு முதலில் கோஆக்ஸில்தான் (ஷீல்டு என்ற உலோக உறை சுற்றிய கம்பிக் கேபிள்) கொண்டுபோனோம். இப்போது ஃபைபர், அதாவது ஒளி போகும் கண்ணாடி இழை.

துல்லியத்தில் சண்டை இல்லை. இரண்டிலும் மீட்டருக்கு 5 நானோ நொடி தாமதம். 150 மீட்டருக்கு முக்கால் மைக்ரோ நொடி. நிகழ்வுப் பதிவுக்கு 1 மில்லி நொடி போதும். விலையில் கோஆக்ஸ் மலிவு, பிஎன்சி கனெக்டரை யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம்.

என் முடிவை மாற்றியது எர்த். எர்த் ஃபால்ட் (மின்சாரம் தரைக்குள் பாயும் கோளாறு) வரும் நேரத்தில் யார்டு எர்த்தும் கன்ட்ரோல் ரூம் எர்த்தும் ஒரே வோல்ட் மட்டத்தில் நிற்காது. கோஆக்ஸின் ஷீல்டு இரண்டையும் இணைத்தால், அந்த வித்தியாசம் 5 வோல்ட் சிக்னல் போகும் வழியில்தான் பாயும். எங்களுக்கு அப்படித்தான் ஒரு ரிலேயின் ஐரிக் இன்புட் போனது. ரிலே மற்றபடி நன்றாக ஓடியதால் யாரும் கவனிக்கவில்லை. ஒத்திசைவு போனதற்கான அலாரத்தையும் நாங்கள் வயர் செய்திருக்கவில்லை. அடுத்த முறை லைன் ட்ரிப் ஆகி, அதன் எதிர்முனை நிலையத்தின் பதிவோடு ஒப்பிட்டபோது 4 நொடி வித்தியாசம். எந்த முனையின் பிரேக்கர் முதலில் திறந்தது என்று சொல்ல முடியாமல் அரை நாள் போனது. 2003 அமெரிக்க-கனடா மின்தடை விசாரணையிலும் பதிவுகளின் நேரம் ஒத்துப்போகாதது பெரிய தலைவலியாக இருந்தது. நேரம் ஒத்திசைந்த பதிவுக் கருவிகள் கட்டாயம் வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள்.

கண்ணாடி இழையில் மின்சாரம் போகாது. அந்தத் தொல்லையே இல்லை. கியாஸ்க் வரை மல்டிமோட் ஃபைபர், உள்ளே ஒரு கன்வெர்ட்டர், அங்கிருந்து ரிலேக்களுக்கு இரண்டு மீட்டர் கோஆக்ஸ். ஒரே கியாஸ்க், ஒரே எர்த் என்பதால் அது பரவாயில்லை.

ஃபைபரின் பலவீனம் பராமரிப்பு. அறுந்தால் இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினோடு ஆள் வர வேண்டும். அதனால் 6 கோர் (இழை) கேபிள் போட்டு, ஒன்றைப் பயன்படுத்தி, மீதி ஐந்தையும் எஸ்டி கனெக்டரோடு முடித்து மூடி போட்டு வைத்தோம். எலிக்குப் பயந்து ஆர்மர்டு கேபிள். சிக்னல் வருகிறதா என்று பார்க்க நுனியைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்காதீர்கள். இருட்டில் மொபைலின் முன்பக்கக் கேமராவில் காட்டினால் 850 நானோமீட்டர் ஒளி மங்கலாகத் தெரியும். ஒளி வந்தும் ரிலே நேரம் எடுக்காவிட்டால், கடிகாரத்தில் போலாரிட்டி (சிக்னலின் ஆன்-ஆஃப்) தலைகீழாக இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு அதில் ஒரு மணி நேரம் வீணானது.

அப்புறம் பிடிபி, அதாவது நெட்வொர்க் வழியே நேரம் அனுப்பும் முறை. தனி நேரக் கேபிளே வேண்டாம், ஈதர்நெட்டிலேயே போய்விடும். சோதனை மேஜையில் மட்டும்தான் தொட்டிருக்கிறேன், யார்டில் ஓட்டியதில்லை. வழியில் உள்ள எல்லா சுவிட்சுகளும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். புதிதாகக் கட்டுபவர்கள் யோசிக்கலாம். எங்கள் பழைய ரிலேக்களில் ஈதர்நெட் போர்ட்டே கிடையாது.