வகுபடுமா கணக்கு: எண்ணைப் போட்டுப் பார்ப்பதா, மீதியைப் பிடிப்பதா?

வெளிநாட்டு மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜிஆர்இ-க்குப் படித்தபோது, எண் தொடர்வரிசைகளில் வரும் 'வகுபடுமா' கணக்குகளை எண்ணைப் போட்டுப் பார்ப்பது, காரணிப்படுத்துவது, வகுத்தால் வரும் மீதியை மட்டும் கவனிப்பது என்று மூன்று விதமாகவும் போட்டுப் பார்த்து, கடைசியில் மீதி வழியிலேயே தங்கிவிட்டேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எண்ணைப் போட்டுப் பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்த வழி. n-க்கு 1, 2, 3 போட்டு, வகுபடாத ஒன்று சிக்கினால் அந்த விடையை அடித்துவிடலாம். கழித்துக்கட்ட இதைவிட வேகமான வழி இல்லை.

அடுத்தது காரணிப்படுத்தல். n ஒற்றை எண் என்றால் n³ − n எப்போதும் 24-ஆல் வகுபடுமா? (n−1)n(n+1) என்று பிரித்ததுமே விடை தெரிந்துவிடும்: இருபுறமும் அடுத்தடுத்த இரட்டை எண்கள், அவற்றில் ஒன்று 4-இன் மடங்கு, அதில் 8 வந்துவிட்டது, மூன்று எண்களில் ஒன்று 3-இன் மடங்கு. அழகுதான், ஆனால் காரணி கண்ணில் பட வேண்டுமே.

மீதி வழியை நான் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுதான்: எங்கே நிறுத்தலாம் என்று அது சொல்லிவிடும். 2ⁿ + 1 வரிசையில் 7-ஆல் வகுபடும் உறுப்பு உண்டா? 3, 5, 9, 17, 33, 65, 129... எதுவும் வகுபடவில்லை. அடுத்தது? எண்ணைப் போடுகிறவர் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 2-இன் அடுக்குகளை 7-ஆல் வகுத்தால் மீதி 2, 4, 1. மறுபடி 2, 4, 1. ஒன்றைக் கூட்டினால் 3, 5, 2. பூஜ்ஜியம் இல்லை, இனி வரவும் வராது. கணக்கு முடிந்தது.

இன்னொன்று: 1, 1, 2, 3, 5 என்று போகும் ஃபிபனாச்சி வரிசையின் முதல் 50 உறுப்புகளில் 3-ஆல் வகுபடுபவை எத்தனை? தேர்வுத் திரையில் வரும் கால்குலேட்டர் 8 இலக்கம்தான் காட்டும்; 40-வது உறுப்பே 9 இலக்கம். மீதிகளை மட்டும் கூட்டிப் போனால் 1, 1, 2, 0, 2, 2, 1, 0, பிறகு மறுபடி 1, 1. நான்குக்கு ஒரு பூஜ்ஜியம், ஆக 12. இங்கே மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும்: ஒவ்வோர் உறுப்பும் முந்தைய இரண்டிலிருந்து பிறக்கிறது. ஒரு மீதி திரும்பி வந்தால் போதாது, அடுத்தடுத்த இரண்டு மீதிகள் சேர்ந்து திரும்ப வேண்டும்.

நம் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் மட்டு எண்கணிதம் என்று வருவது இதேதான். அந்தக் குறியீடெல்லாம் தேர்வுக்குத் தேவையில்லை.

எல்லா இடத்திலும் மீதிதான் என்று சொல்ல மாட்டேன். மேலே சொன்ன 24 கணக்கில் 12 ஒற்றை மீதிகளைச் சோதிக்க வேண்டியிருக்கும். காரணி ஒரே வரி. எம்பிஏ நுழைவுத் தேர்வான ஜிமேட் நான் எழுதியதில்லை. அங்கே குவான்ட் எனப்படும் கணக்குப் பகுதியில் கால்குலேட்டர் கிடையாது, 45 நிமிடத்துக்கு 21 கேள்வி. மீதி வழிக்கு அங்கே மவுசு இன்னும் கூடும் என்றே தோன்றுகிறது. ஜிஆர்இ-யில் நான் செய்தது: விடைகள் கொடுத்திருந்தால் முதலில் 1, 2 போட்டு முடிந்தவரை கழிப்பது, மிஞ்சியதற்கு மீதி எழுதுவது.