வேலிக்குச் செவ்வரத்தையா, போகன்விலாவா?

திருகோணமலைக் கடலோரம், நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் வீடு கட்டுபவர்களின் குழப்பம் இது.

செலவு: இரண்டுக்கும் இல்லை. அயல்வீட்டில் ஒரு தடி கேட்டு, மாரி தொடங்கும்போது ஊன்றினால் சரி.

தண்ணீர்: செவ்வரத்தைக்குக் கோடையில் கட்டாயம் ஊற்ற வேண்டும். போகன்விலா காய்ந்தால்தான் அள்ளிப் பூக்கும், உப்புக்காற்றையும் தாங்கும். ஆனால் மாரி வெள்ளம் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

மான்: திருகோணமலை நகருக்குள் என்றால் முதலில் இதைத்தான் யோசிக்க வேண்டும். தெருவில் திரியும் மான் செவ்வரத்தைத் தளிரை விட்டுவைக்காது. போகன்விலா முள்ளுக்குக் கொஞ்சம் தயங்கும், அவ்வளவுதான்.

பயன்: செவ்வரத்தை ஒரே நாளில் வாடினாலும் அம்மன் பூசைக்கு ஆகும், தலைக்கு எண்ணெய் காய்ச்சலாம். மாவுப்பூச்சி பிடித்தால் சவர்க்காரத் தண்ணீர் தெளியுங்கள். போகன்விலா அழகுக்கு மட்டும்.

கடலோர வெறுங்காணிக்குப் போகன்விலா. கிணறும் மதிலும் இருந்தால், என்னைக் கேட்டால், செவ்வரத்தைதான். பிள்ளைகள் ஓடித்திரியும் முற்றத்தில் முள் எதற்கு?