பாறைச் செதுக்கல் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்த டார்ச் சரிப்படுமா?

இந்தக் கையடக்க எல்இடி டார்ச்சை நான் வாங்கியது மலைமேட்டுப் பாறைகளில் இருக்கும் வரலாற்றுக்கு முந்தைய செதுக்கல்களைப் பார்ப்பதற்கு மட்டும்தான், அதனால் எவ்வளவு தூரம் அடிக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

இந்த வேலைக்குப் பிரகாசத்தைவிடக் கோணம்தான் முக்கியம். ஸ்காட்லாந்தின் அக்னபிரெக் பாறைகளில் உள்ள கிண்ணக்குழிகளும் அவற்றைச் சுற்றிய வளையங்களும் சுமார் 5,000 ஆண்டு மழையில் தேய்ந்தவை, உச்சிவெயிலில் வெறும் சாம்பல் பாறையாகத்தான் தெரியும், ஆனால் வெளிச்சம் பாறையை உரசினாற்போல் பக்கத்திலிருந்து வந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் விழுந்து வளையம் வளையமாக எழுந்து வரும். காலையிலும் மாலையிலும் இதைச் சூரியனே செய்துவிடும். மற்ற நேரத்தில் குடையால் பாறையை மறைத்துக்கொண்டு டார்ச் அடிக்கலாம், இருட்டிய பிறகு என்றால் இன்னும் அருமை. நெற்றியில் கட்டும் விளக்கு இதற்கு ஆகாது, கண் பார்க்கும் திசையிலேயே ஒளியும் போவதால் நிழலே தெரியாது.

இதன் தலையை இழுத்தால் ஒளி விரிகிறது, நடுவில் வெள்ளைப் பொட்டு விழாமல் சீராகப் பரவுகிறது, நான் காசு கொடுத்தது அதற்குத்தான். அடியில் கேமரா முக்காலியில் (டிரைபாட்) பொருத்தத் திருகு இருக்கிறது. கேமராவை அசைக்காமல் வைத்து, பாறையருகே பளபளப்பான கருப்பு உருண்டை ஒன்றையும் வைத்து, டார்ச்சை மட்டும் சுற்றிச் சுற்றி நகர்த்திப் பல படங்கள் எடுத்தால், உருண்டையில் விழும் ஒளிப்புள்ளியைக் கொண்டு மென்பொருள் ஒளி வந்த திசையைக் கணக்கிட்டு, பிறகு திரையிலேயே வெளிச்சத்தை நகர்த்திப் பார்க்க விடும், அதற்கும் இது நன்றாகவே உழைக்கிறது. கோடு தெரியவில்லை என்று சிலர் சுண்ணக்கட்டியால் தீட்டுகிறார்களே, அந்தக் கொடுமை வேண்டவே வேண்டாம்.

எரிச்சல் என்றால் அந்தப் பொத்தான். அணைப்பதற்குள் மினுக்கும் விளக்கு, அபாய விளக்கு எல்லாம் வந்து போகிறது, யார் கேட்டார்கள்? நீலம் கலந்த வெள்ளை ஒளியில் பாறையின் நிறமும் படத்தில் மாறுகிறது. குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும், பிரான்ஸின் மோன் பேகோ மாதிரி 2,000 மீட்டருக்கு மேல் செதுக்கல் உள்ள இடங்களுக்குப் போகிறவர்கள் மாற்று பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேரளத்தின் எடக்கல் குகைச் செதுக்கல்களை மட்டும்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இதை வாங்க வேண்டாம். அங்கே கோடுகள் ஆழம், மேலே இடுக்கு வழியாக வெளிச்சமும் இறங்கும்.