சிமி தீவுக்குப் போனால் ஓர் இரவாவது தங்குங்கள்

கிரேக்க நாட்டின் ரோட்ஸ் தீவிலிருந்து படகேறி, பக்கத்திலிருக்கும் சின்னத் தீவான சிமிக்கு வருகிறவர்களில் பலர் காலையில் இறங்கி மாலையிலேயே திரும்பிவிடுகிறார்கள். நானும் என் கணவரும் தங்கினோம். போகிற எல்லோருக்கும் அதையேதான் சொல்வேன்.

யாலோஸ் துறைமுகத்தின் அழகில் சந்தேகமே இல்லை. காவி, மஞ்சள், வெளிர்நீலம் என்று முக்கோண முகப்பு வைத்த வீடுகள் தண்ணீர் விளிம்பிலிருந்து மலைமேல் அடுக்கடுக்காக ஏறுகின்றன. ஆனால் நடுப்பகலில் நெரிசல். கரையோர உணவகம் ஒன்றில், நாங்கள் சாப்பிட்டு முடிக்குமுன்பே பில்லைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். கடைசிப் படகு கிளம்பியதும் ஊரே மூச்சு விடுகிறது. அன்றிரவு உள்சந்துக் கடை ஒன்றில் சிமி இறால் சாப்பிட்டோம். பொடிப்பொடியான இறால், ஓடு உரிக்காமல் தலையோடு அப்படியே பொரித்தது. எலுமிச்சை பிழிந்து வாயில் போட்டால் மொறுமொறுவென்று நொறுங்கி, அப்புறம் மெல்ல ஒரு இனிப்பு வருகிறது. இதற்காகவே இன்னொரு முறை போகலாம்.

மலைமேல் இருக்கிற ஹோரியோ என்ற மேலூருக்குப் போக காலி ஸ்ட்ராட்டா என்ற கல்படிப் பாதை, ஏறக்குறைய 500 படிகள். வெயிலுக்கு முன்பே ஏறிவிடுங்கள். நடுப்பகுதி தேய்ந்து வழுக்குகிறது, ஓரமாகக் கால் வையுங்கள். வழியில் வணிகர்களின் பெரிய மாளிகைகள். சிலவற்றில் கூரை விழுந்து, ஜன்னல் வழியே அத்திமரம் எட்டிப் பார்க்கிறது.

இந்தச் செல்வமெல்லாம், கடலடியில் முக்குளித்து எடுத்து விற்ற கடற்பஞ்சு (குளிக்கத் தேய்க்கும் ஸ்பாஞ்ச்) கொடுத்தது. 1860களில் தலைக்கவச முக்குளிப்பு உடை வந்தபிறகு ஆழத்தில் நெடுநேரம் இருக்க முடிந்தது. ஆனால் வேகமாக மேலே வந்தால் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழ்கள் உண்டாகும் என்பது அப்போது முக்குளித்தவர்களுக்குத் தெரியாது. எத்தனையோ பேர் செத்தார்கள், பலருக்குக் கைகால் விழுந்துபோனது. அதை நினைத்துக்கொண்டு அந்த மாளிகைகளைப் பார்த்தபோது எனக்கு மனசு கனத்தது.

கரையில் ஒரு வீட்டுச் சுவரில் கல்வெட்டு இருக்கிறது, தவறவிடாதீர்கள். 1945 மே 8 அன்று சிமியும் ரோட்ஸும் சேர்ந்த டோடெகனீஸ் தீவுக்கூட்டத்திலிருந்த ஜெர்மன் படை சரணடைந்து கையெழுத்திட்டது இங்கேதான்.

கடற்பஞ்சு வாங்குவதானால் வெளுத்த மஞ்சளை விட்டுவிட்டு, பழுப்பு நிறத்தில் இருப்பதை எடுங்கள். வெளுக்கப் போடும் ரசாயனம் பஞ்சின் நாரைப் பலவீனமாக்கிவிடும். முட்டிவலி உள்ளவர்கள் கவலைப்பட வேண்டாம், ஹோரியோவுக்குச் சின்ன பஸ் ஓடுகிறது. என் கணவர் ஏறியதும் இறங்கியதும் அதில்தான்.