ராஸ்பெர்ரி பை 3-இல் எல்இடி பட்டை: டபிள்யூஎஸ்2812பி-யா, ஏபிஏ102-ஆ?

ராஸ்பெர்ரி பை 3 என்னும் சிறு கணினியோடு (சுருக்கமாக, பை) இணைக்கும் இவ்விரு எல்இடி பட்டைகளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு, சமிக்ஞை எப்போது மாற வேண்டும் என்ற காலக்கணக்கை யார் பார்த்துக்கொள்வது என்பதில் இருக்கிறது.

டபிள்யூஎஸ்2812பி-க்கு ஒரே ஒரு தரவுக் கம்பிதான். ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோவினாடி, அதில் சமிக்ஞை ஏறத்தாழ 0.4 மைக்ரோவினாடி உயர்ந்திருந்தால் 0, 0.8 என்றால் 1. பை-யின் இயங்குதளமான லினக்ஸ் நடுவில் வேறு வேலைக்குத் திரும்பினால் கணக்கு தவறி, பட்டையின் இடையே ஏதோ ஒரு விளக்கு கணநேரம் தவறான நிறத்தில் மின்னி மறையும். ஆகவே பிடபிள்யூஎம் (துடிப்பின் அகலத்தை அமைக்கும் வன்பொருள்), டிஎம்ஏ (செயலியின் தலையீடின்றித் தரவை நகர்த்தும் வசதி) துணையோடு பை-யின் ஜிபிஐஓ 18 என்ற இணைப்பு முனை வழியாக அனுப்புவது வழக்கம். ஆனால் அதே பிடபிள்யூஎம்-ஐ ஹெட்ஃபோன் ஒலியும் பயன்படுத்துவதால், பாட்டுக்கேற்ப விளக்குகளை ஆட வைக்க நினைப்பவருக்கு இது பெரிய இடையூறு.

ஏபிஏ102-இல் தரவுக் கம்பியோடு கடிகாரக் கம்பியும் உண்டு. எஸ்பிஐ (தரவோடு கடிகாரத் துடிப்பையும் அனுப்பும் இணைப்பு முறை) வழியாக அனுப்பும்போது கணினி சற்றுத் தாமதித்தாலும் விளக்குகள் அடுத்த துடிப்புக்காகப் பொறுமையாகக் காத்திருக்கும். ஒவ்வொரு விளக்குக்கும் 5 பிட் பிரகாச அளவு தனியே இருப்பதும் நன்மையே. விலைதான் கூடுதல்.

மின்சாரத்தில் இரண்டும் ஒன்றே: முழு வெண்மையில் விளக்குக்குச் சுமார் 60 மில்லி ஆம்பியர் என்றால் 300 விளக்குகளுக்கு 18 ஆம்பியர் வேண்டும், அதை பை-யின் 5 வோல்ட் இணைப்பு முனையிலிருந்து ஒருபோதும் எடுக்கக் கூடாது. பை தரும் 3.3 வோல்ட் சமிக்ஞையை 74ஏஎச்சிடி125 சில்லால் 5 வோல்ட்டாக உயர்த்துவதும் நல்லது.

ஒலியும் ஒளியும் ஒரே பை-யில் இயங்க வேண்டுமெனில், நான் ஏபிஏ102-ஐயே பரிந்துரைப்பேன்.