புதியது என்று விற்கப்படும் பழைய ஹார்ட் டிஸ்க்குகள்: சிங்கப்பூரில் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டில் நாஸ் எனப்படும் சேமிப்புப் பெட்டி வைத்திருப்பவர்களும் வைக்க எண்ணுபவர்களும் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். பல ஆண்டுகள் இரவு பகலாக ஓடிய ஹார்ட் டிஸ்க்குகள், ஓடிய நேரக் கணக்கு அழிக்கப்பட்டு, புதிய உறையில் இடப்பட்டு, புதிய சரக்கின் விலைக்கு இங்கே விற்பனைக்கு வருகின்றன. அப்படிப்பட்ட ஒன்று என் கைக்கு வந்தது. கொடுத்த பணம் முழுவதும் கடைசியில் திரும்பக் கிடைத்துவிட்டது என்றாலும், அது கிடைத்த வழியையும், அதற்கு முன் என்னிடம் கேட்கப்பட்ட கையெழுத்தையும் பற்றி எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

எங்கள் நாடகக் குழுவின் பழைய ஒலிநாடாக்களையும் காணொளி நாடாக்களையும் கணினிக்கு மாற்றிப் பாதுகாக்கும் வேலை சில காலமாக என் பொறுப்பில் இருக்கிறது. மேடையேறியவர்களில் சிலர் இன்று உயிருடன் இல்லை. சில நாடகங்களுக்கு வேறு எங்குமே பிரதி இல்லை. இதற்காகத்தான், இணையச் சந்தை ஒன்றில் உள்ளூர் விற்பனையாளர் ஒருவர் ‘புத்தம் புதியது, ஐந்தாண்டு உத்தரவாதம்’ என்று விளம்பரப்படுத்தியிருந்த சீகேட் நிறுவனத்தின் எக்ஸோஸ் வகை 16 டெராபைட் ஹார்ட் டிஸ்க் வட்டை வாங்கினேன். விலை நானூறு வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. மற்றவர்கள் கேட்ட விலையும் ஏறத்தாழ அதுவே என்பதால், மலிவைக் கண்டு ஐயப்படவும் இடமிருக்கவில்லை. தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றில் இருந்த அவர்களுடைய சிறிய கடைக்கு நேரில் சென்று பெற்றுக்கொண்டேன்.

உறை முறையாக மூடப்பட்டிருந்தது. ஆனால் வட்டின் பக்கவாட்டுத் திருகுத் துளைகளைச் சுற்றி, முன்பே ஒருமுறை எதிலோ பொருத்திக் கழற்றியதைப் போன்ற வட்டத் தேய்மானம் தெரிந்தது. கேபிள் செருகும் இடத்தில் தங்கமுலாம் பூசிய தொடுமுனைகளிலும் மெல்லிய கீறல்கள் இருந்தன. கணினியில் இணைத்து, வட்டின் நலக் குறிப்புகளைக் காட்டும் ‘ஸ்மார்ட்’ பட்டியலைத் திறந்தேன். அதில் ஓடிய நேரம் பூஜ்யம் என்று இருந்தது. தேர்ந்த கண்ணுக்கும் புதிய வட்டாகவே தோன்றக்கூடிய பட்டியல் அது.

சீகேட் வட்டுகளில் இதைத் தவிர ‘ஃபார்ம்’ என்றழைக்கப்படும் இரண்டாவது பதிவேடு ஒன்று உண்டு. வட்டு எத்தனை மணி நேரம் மின்சாரம் பெற்றது, அதன் வாசிப்பு முனைகள் எவ்வளவு நேரம் இயங்கின, எவ்வளவு எழுதப்பட்டது, எவ்வளவு படிக்கப்பட்டது என்பனவற்றை வட்டே தனியாகக் குறித்துவைத்துக்கொள்கிறது. ஸ்மார்ட்மோன்டூல்ஸ் என்னும் இலவசக் கட்டற்ற மென்பொருள் 2023இல் வெளிவந்த 7.4ஆம் பதிப்பிலிருந்து இந்தப் பதிவேட்டைப் படித்துக் காட்டுகிறது. அதை இயக்கிப் பார்த்தபோது, என் ‘புத்தம் புதிய’ வட்டு இருபதாயிரம் மணி நேரத்துக்கும் மேல் ஓடியிருந்தது தெரிந்தது. ஓராண்டுக்கு 8,760 மணி நேரம். அப்படியானால், இடைவிடாமல் இரண்டேகால் ஆண்டுக்கு மேல் எங்கோ உழைத்துத் தேய்ந்த வட்டு அது. பழைய காரின் மீட்டரைப் பின்னுக்குத் திருப்பி விற்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்த தற்செயல் அன்று. 2025ஆம் ஆண்டு ஜனவரியில், ஜெர்மனியின் ஹைசே என்னும் தொழில்நுட்பச் செய்தி நிறுவனம் இந்த மோசடியை வெளிக்கொணர்ந்தது. அங்கே வாசகர்கள் புதியவை என்று வாங்கிய எக்ஸோஸ் வட்டுகளின் ஃபார்ம் பதிவேடுகள் 15,000 முதல் 50,000 மணி நேரம் வரை காட்டின. பெயர் பெற்ற கடைகளிலிருந்தும் அவை வந்திருந்தன. அந்தக் கடைகளே இடைத்தரகர்களிடம் ஏமாந்திருந்தன. இவற்றில் பல, 2021இல் சந்தைக்கு வந்த சியா என்னும் மின்நாணயத்தை ஈட்டும், ‘பண்ணைகள்’ எனப்படும் கணினிக் கூடங்களிலிருந்து வந்திருக்கலாம் என்று கருதப்பட்டது. சியாவை ஈட்டுவதற்கு வேண்டியது வட்டுகளில் உள்ள சேமிப்பிடம்தான் என்பதால் அப்போது பெரிய வட்டுகள் மூட்டை மூட்டையாக வாங்கிக் குவிக்கப்பட்டன. அந்த நாணயத்தின் மதிப்பு சரிந்தபின் அவை எங்கேயாவது போய்ச் சேர வேண்டியிருந்தது. 2025 மே மாதம் கோலாலம்பூருக்கு வெளியே ஒரு கிடங்கில் சீகேட் பாதுகாப்புக் குழுவினரும் மலேசிய அதிகாரிகளும் சோதனை நடத்தி, இவ்வாறு புதுப்பித்து விற்கப்படவிருந்த நூற்றுக்கணக்கான வட்டுகளைக் கைப்பற்றிய செய்தியும் வந்தது. கடற்பாலத்தைக் கடந்தால் சில மணி நேரப் பயணம். அங்கே நடப்பது நம் சந்தைக்கு வராது என்று எண்ண எந்தக் காரணமும் இல்லை.

கடைக்குச் செய்தி அனுப்பினேன். முதலில் கிடைத்த பதில், ‘நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் தவறானது, ஸ்மார்ட் பட்டியலில் பூஜ்யம் என்று இருப்பதே சரியானது’ என்பது. அழிக்கப்பட்ட கணக்கையே சான்றாகக் காட்டும் பதில் இது. அடுத்து, சோதனைக்காக வட்டை அவர்களிடம் விட்டுச்செல்லுமாறு கேட்டார்கள். நான் விட்டுச்செல்லவில்லை. மடிக்கணினியையும் வட்டை இணைக்கும் கருவியையும் எடுத்துக்கொண்டு கடைக்குச் சென்று, அவர்கள் முன்னிலையிலேயே பதிவேட்டைத் திறந்து காட்டினேன். மாற்று வட்டு ஒன்றை எடுத்துத் தந்தார்கள். அதையும் அங்கேயே இணைத்துப் பார்த்தபோது, அதுவும் பல்லாயிரம் மணி நேரம் ஓடியதாகவே இருந்தது. முகப்பில் நின்ற தமிழ் இளைஞர் திரையைப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில், “அண்ணே, சரக்கு எங்களுக்கு இப்படியேதான் வருது, நான் என்ன சொல்றது?” என்றார். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. சம்பளத்துக்கு நிற்பவர் அவர். உரிமையாளர் மீதுதான் வருத்தம். சரக்கின் நிலை கண்ணெதிரே தெரிந்த பிறகும் அதே விளம்பரம் அதே வாசகங்களுடன் தொடர்ந்தது.

இதற்குள் அந்த விளம்பரத்தின் கீழ் நான் வாங்கிய வட்டின் நிலையை, எண்களுடனும் படத்துடனும், வசைச்சொல் ஏதுமின்றி எழுதியிருந்தேன். பணத்தைத் திருப்பித் தருவதாக உரிமையாளர் தகவல் அனுப்பியது அதற்குப் பிறகுதான். கூடவே ஒரு தாளும் வந்தது. மதிப்புரையை நீக்க வேண்டும், இந்தக் கொள்முதலைப் பற்றி எங்கும் எவரிடமும் பேசவோ எழுதவோ கூடாது, மீறினால் இழப்பீடு தர வேண்டும் என்று அதில் இருந்தது. மறுத்தால் அவதூறு வழக்குத் தொடரப்படும் என்ற எச்சரிக்கை தொலைபேசிச் செய்தியாக வந்தது.

நான் கையெழுத்திடவில்லை. எனக்குச் சேர வேண்டிய பணத்தை எனக்கே தருவதற்கு என் மௌனத்தை விலையாகக் கேட்பது நியாயமற்றது. எல்லாரும் இப்படிக் கையெழுத்திட்டால், அடுத்து வாங்குபவர் பார்க்கும் பக்கத்தில் நட்சத்திரங்கள் மட்டுமே மிஞ்சும். அமெரிக்காவில் 2016இல் இயற்றப்பட்ட பயனீட்டாளர் மதிப்புரைச் சட்டம், நேர்மையான மதிப்புரை எழுதுவதைத் தடுக்கும் பிரிவுகளை, முன்கூட்டியே அச்சிட்டுப் பேரத்துக்கு இடமின்றித் தரப்படும் ஒப்பந்தங்களில் செல்லாதவை ஆக்கியது. இங்கே நாம் கையெழுத்திடும் தாள் நம்மைக் கட்டக்கூடியது என்ற எண்ணத்துடன்தான் அதைப் படிக்க வேண்டும். அவதூறு என்ற மிரட்டலைப் பொறுத்தவரை, சொன்னது உண்மை என்று நிறுவ முடிவதும், உண்மையின் அடிப்படையில் கூறிய நேர்மையான கருத்து என்பதும் சட்டம் ஏற்கும் தற்காப்புகள். ஆகவே எண், படம், தேதி, ரசீது ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கோபத்தில் கடை ஊழியரின் படத்தையோ தொலைபேசி எண்ணையோ வெளியிட்டுவிட வேண்டாம். தொல்லை தரும் நோக்கில் ஒருவரின் அடையாளத் தகவல்களை வெளியிடுவது, தொல்லைகளிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்படி 2020 முதல் இங்கே குற்றமாக இருக்கிறது.

பணத்தை மீட்ட வழியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பலர் நானூறு வெள்ளிக்காக யார் அலைவது என்று விட்டுவிடுகிறார்கள். பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வர்த்தகச் சட்டத்தில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள, ‘லெமன் சட்டம்’ என்று நாம் அழைக்கும் பகுதியின்படி, பொருளை ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறைபாடு, ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிறுவ வேண்டியது விற்பவரின் கடமை. முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப் பொருள் கேட்க வேண்டும். அது முறையாகக் கிடைக்கவில்லை என்றால் விலைக்குறைப்போ, பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறுவதோ நம் உரிமை. மாற்று வட்டையும் கடையிலேயே சோதித்துப் பதிவு செய்தது இந்த வரிசையில் எனக்குப் பெரிதும் உதவியது. ரசீதில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சிட்டிருந்தார்கள். அந்த வரி இந்த உரிமையைப் பறிக்காது.

சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமாகிய கேஸ் அமைப்பிடம் ஆலோசனை கேட்டேன். பிறகு சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் இணையம் வழியாக மனு செய்தேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுசெல்லலாம். இரு தரப்பும் எழுத்து மூலம் இசைந்தால் 30,000 வெள்ளி வரை. 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைக்குப் பயனீட்டாளர் செலுத்தும் கட்டணம் பத்து வெள்ளி. வழக்கறிஞர்கள் அங்கே வாதிட முடியாது என்பதால், எதிர்த்தரப்பு பெரிய சட்ட நிறுவனத்தை அழைத்து வந்துவிடுமோ என்ற அச்சமும் வேண்டியதில்லை. இரண்டு வட்டுகளின் பதிவேடுகள், வரிசை எண் தெரியும் படங்கள், விளம்பரத்தின் திரைப்பதிவு, கையெழுத்திடச் சொன்ன தாள் ஆகிய அனைத்தையும் இணைத்தேன். அறிவிப்பு கடைக்குப் போய்ச் சேர்ந்தபின், பதிவாளர் முன் கலந்தாய்வு நடப்பதற்கு முன்பே, முழுத் தொகையும் எந்த நிபந்தனையும் இல்லாமல் என் கணக்குக்கு வந்தது. மதிப்புரை இன்னும் அங்கேயே இருக்கிறது.

கடையின் பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம் அச்சம் அன்று. ஒரு பெயரைச் சொன்னால், மற்ற கடைகளில் வாங்கினால் போதும் என்ற எண்ணம் வந்துவிடும். இந்தச் சரக்கு ஒரு கடையோடு நிற்பதில்லை. நேர்மையான வணிகர்களின் கைக்கும் வந்து சேர்கிறது. எனவே விற்பவரைச் சோதிப்பதைவிட வட்டைச் சோதிப்பதே பயன் தரும்.

கணினி ஆர்வலர் நண்பர்களிடையே இதைப் பற்றிப் பேசியபோது இரண்டு கருத்துகள் வந்தன. வட்டு பிழையின்றி ஓடினால் பழையதாக இருந்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். பழைய வட்டைப் பழையது என்று சொல்லிப் பாதி விலைக்கு விற்றால் நானே வாங்கியிருப்பேன். எத்தனை பிரதி வைப்பது, எப்போது மாற்றுவது என்பதை வயதறிந்து முடிவு செய்திருப்பேன். அந்த முடிவை எடுக்கும் வாய்ப்பைத்தான் பொய்யான கணக்கு பறிக்கிறது. இன்னொருவர், தயாரிப்பாளர்கள் வட்டின் உள்மென்பொருளை முழுவதுமாகப் பூட்டிவிட்டால் இத்தகைய திருத்தங்களே நடக்காது என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதிவேட்டைத் திருத்த முடியாதபடி காப்பது வேறு, உரிமையாளர் படிக்க முடியாதபடி மறைப்பது வேறு. என்னைக் காப்பாற்றியது, நிறுவனத்தின் உள்பதிவேட்டை எவரும் படிக்கும்படி செய்த கட்டற்ற மென்பொருள் எழுத்தாளர்களின் உழைப்பு. பணம் கொடுத்து வாங்கிய பொருளின் வரலாற்றைப் படிப்பதற்கு வாங்கியவர் எவருடைய அனுமதிக்கும் காத்திருக்கும் நிலை வரக்கூடாது.

ஃபார்ம் பதிவேடும் இறுதியான சான்று அன்று. அதையும் அழித்த வட்டுகள் 2025இலேயே ஜெர்மனியில் பிடிபட்டன. ஆகவே, வட்டில் ஒரு கோப்பைக்கூட எழுதுவதற்கு முன், உறையைப் பிரிப்பதையே காணொளியாகப் பதிவு செய்யுங்கள். திருகுத் துளைகளையும் தொடுமுனைகளையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் உத்தரவாதப் பக்கத்தில் இட்டுப் பாருங்கள். வேறொரு நிறுவனத்தின் சேமிப்பகங்களுக்காக மொத்தமாக விற்கப்பட்டது என்றோ, உத்தரவாதம் ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டது என்றோ காட்டினால் எழுதாமல் நிறுத்திவிடுங்கள். சீகேட் அல்லாத வட்டுகளில் ஃபார்ம் இல்லை என்பதால் அங்கே இந்தச் சோதனைகளே பெரிதும் கைகொடுக்கும். கடைக்காரர் வட்டைக் கேட்டால், உங்கள் தரவு எதுவும் அதில் இல்லை என்பதையும், வரிசை எண்ணுடன் பதிவேட்டின் பிரதி உங்களிடம் இருக்கிறது என்பதையும் உறுதி செய்த பின்பே, ஒப்புகை பெற்றுக்கொண்டு கொடுங்கள்.

கடந்த சில மாதங்களில் பெரிய வட்டு வாங்கி ஏற்கெனவே பயன்படுத்தத் தொடங்கியவர்களும் இந்தச் சோதனையைச் செய்யலாம்; பதிவேட்டைப் படிப்பதால் உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு எந்தத் தீங்கும் வராது. ஐயம் எழுந்தால் முதலில் வேறொரு வட்டில் பிரதி எடுத்துவிட்டு, ஆறு மாதம் முடிவதற்குள் விற்பவருக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள்.