நாவலுக்குக் குவெரி லெட்டர், சினாப்சிஸ்: கும்பகோணம் பேராசிரியரிடம் போகலாமா?

ஆங்கிலத்தில் நாவல் எழுதி முடித்துவிட்டு, அதை யாருக்கு எப்படி அனுப்புவது என்று தெரியாமல் வைத்திருப்பவர்கள் நம் டெல்டாவில் நான் நினைத்ததைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கும்பகோணத்தில் பணி ஓய்வு பெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர், லிட்டரரி ஏஜென்ட்டுகளுக்கு, அதாவது எழுதியவர் சார்பில் புத்தகத்தைப் பதிப்பகங்களிடம் விற்றுக் கொடுப்பவர்களுக்கு, அனுப்பும் குவெரி லெட்டரையும் (நாவலை அறிமுகப்படுத்தும் கடிதம்) சினாப்சிஸையும் (முழுக் கதையின் சுருக்கம்) தயார் செய்ய உதவுகிறார். விளம்பரம், பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று சொன்னதால் நானும் போடவில்லை. அந்தப் பக்கத்து வாசகர் வட்டங்களில் விசாரித்தால் சொல்வார்கள். இரண்டுக்கும் சேர்த்து 3,500 ரூபாய் வாங்குகிறார்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்த வேலையே இல்லை. கைப்பிரதியை நேராகப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிடலாம். லண்டன், நியூயார்க் பக்கம் பெரிய பதிப்பகங்கள் அப்படியில்லை, பெரும்பாலும் ஏஜென்ட் மூலமாக வருவதைத்தான் படிக்கிறார்கள். அந்த ஏஜென்ட் கண்ணில் முதலில் படுவது நாவல் அல்ல, ஒரு பக்கக் கடிதம். சுமார் 300 சொல். கதை என்ன, எந்த வகை, மொத்தம் எத்தனை சொல், எழுதியவர் யார், எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும்.

நான் பேராவூரணிப் பக்கம். பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் எங்கள் தென்னந்தோப்புகளை என்ன செய்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தோப்பை இழந்த செல்லம்மாள் என்ற பெண்ணைப் பற்றியது என் நாவல். 92,000 சொல்.

பேராசிரியரிடம் போவதற்கு முன் இணையத்தில் ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்டி ஒரு குவெரி லெட்டர் எழுதி வாங்கியிருந்தேன். பெயர் வேண்டாம். இழப்பு, நினைவு, மண்ணோடு மனிதருக்கு உள்ள உறவு, மீண்டு எழும் மன உறுதி என்று நாலு பத்தி நல்ல ஆங்கிலத்தில் வந்தது. மேலே உள்ள தலைப்பை மாற்றிவிட்டு வேறு எந்த நாவலுக்கும் அதை அனுப்பலாம். கதையில் என்ன நடக்கிறது என்பது மட்டும் அதில் இல்லை.

பேராசிரியர் அதை ஒருமுறை படித்தார். மடித்து ஓரமாக வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

“செல்லம்மாளுக்கு என்னம்மா வேணும்?”

“நிவாரணப் பணம் மேடம்.”

“எவ்வளவு?”

“மரத்துக்கு 1,100 ரூபாய். மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500.”

“ஏன் கிடைக்கலை?”

“பட்டா ஓரகத்தி பேர்ல இருக்கு. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.”

“கையெழுத்து வாங்கலைன்னா?”

“ஓரகத்தி அந்த இடத்தை இறால் பண்ணைக்குக் கொடுத்துடுவா.”

“இவ்வளவும் வச்சிருக்க. ஒண்ணுகூட இதுல காணோமே!”

அந்தப் பதில்களையே வரிசைப்படுத்தி என் கையாலேயே எழுதச் சொன்னார். சாய்ந்த ஒவ்வொரு மரத்துக்கும் 1,100 ரூபாய் என்று அரசு விலை போட்டிருக்கிறது, அதை வாங்கச் செல்லம்மாள் ஜென்மப் பகையாளியின் வாசற்படி ஏற வேண்டும்: முதல் வாக்கியம் அப்படித்தான் அமைந்தது. அவர் தன் சொல் ஒன்றைக்கூட உள்ளே நுழைக்கவில்லை. கேள்வி மட்டும்தான் கேட்டார். இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கடிதம் கடைசிவரை என் கடிதமாகவே இருந்தது. ஓரகத்தி, பட்டா என்ற சொற்களை விளக்கவுரை எழுதிக் கெடுக்காமல், வாக்கியத்திலேயே பொருள் தெரியும்படி வைக்கவும் சொல்லிக்கொடுத்தார்.

சினாப்சிஸ் இதைவிடக் கஷ்டம், ஆனால் இவருடைய கைவேலை முழுசாகத் தெரிவதும் அதில்தான். பழைய தினசரிக் காலண்டர் தாள்களை ஒரு கட்டாக வைத்திருக்கிறார். அத்தியாயத்துக்கு ஒரு தாள், பின்பக்கத்தில் ஒரே வாக்கியம். வர்ணனை கூடாது, நடந்ததை மட்டும் எழுதவேண்டும். எல்லாவற்றையும் கூடத்துத் தரையில் வரிசையாகப் பரப்பி, காற்றில் பறக்காமல் மேலே புளியங்கொட்டை வைத்தார். பிறகு நடுவில் ஒரு தாளை எடுத்துவிட்டு, “இப்ப அடுத்தது நிக்குமா பாரு” என்றார். நின்றால் அந்தத் தாளுக்கு சினாப்சிஸில் இடமில்லை. தேங்காய் மண்டி அத்தியாயம் அப்படித்தான் போயிற்று. நாவலில் நான் ரொம்ப ஆசைப்பட்டு எழுதிய அத்தியாயம் அது. நாவலில் அது இருக்கட்டும், இங்கே வேண்டாம் என்றார். அவர் சொன்னது சரி. மிஞ்சிய தாள்களைச் சேர்த்து எழுதியபோது ஒன்றிலிருந்து ஒன்று பிறந்து வருவது கண்ணுக்குத் தெரிந்தது. ஏறக்குறைய 600 சொல்லில் முடிந்தது.

முடிவை மறைக்க விடமாட்டார். “செல்லம்மாள் கையெழுத்து வாங்கினாளா?” என்று கேள்விக்குறியோடு நிறுத்துவது புத்தகத்தின் பின்னட்டைக்குச் சரி. சினாப்சிஸ் படிக்கும் ஏஜென்ட்டுக்கு, இவருக்குக் கதையை முடிக்கத் தெரியுமா என்பதுதான் தெரியவேண்டும். நாவல் ‘நான்’ என்று தன்மையில் போனாலும் சினாப்சிஸ் படர்க்கையில், நிகழ்காலத்தில் இருக்க வேண்டும். பாத்திரத்தின் பெயர் முதல்முறை வரும்போது முழுவதும் கேப்பிடல் எழுத்து. இந்தச் சம்பிரதாயங்களெல்லாம் அவருக்கு அத்துப்படி. இங்கிலாந்து ஏஜென்ட்டுகள் பெரும்பாலும் கடிதம், சினாப்சிஸ், முதல் மூன்று அத்தியாயம் கேட்பார்கள், அமெரிக்காவில் பலருக்குக் கடிதமும் முதல் சில பக்கங்களும் போதும் என்ற வித்தியாசத்தையும் சொல்லி, இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு போட வைத்தார்.

குறை இல்லாமல் இல்லை. உங்கள் நாவலோடு ஒப்பிடக்கூடிய, கடந்த மூன்று நான்கு வருடத்தில் வந்த புத்தகம் இரண்டைக் கடிதத்தில் சொல்வது வழக்கம். இதில் அவரால் உதவ முடியவில்லை. அவர் சொன்னவை எல்லாம் அவர் வகுப்பில் நடத்திய காலத்து நாவல்கள். பதிப்பகங்களின் புதிய பட்டியல்களைப் பார்த்து நானேதான் தேடிப் பிடித்தேன். யாருக்கு அனுப்பலாம் என்ற பட்டியலும் தரமாட்டார். ஜெய்ப்பூரில் சியாஹி, டெல்லியில் ரைட்டர்ஸ் சைட் என்று இந்திய ஏஜென்சிகள் இருப்பதைச் சொன்னார், அவ்வளவுதான். அந்தந்த இணையதளத்தில் விதிகளைப் படிப்பது நம் பொறுப்பு. மின்னஞ்சலில் வேலை நடக்காது. வெளியூரில் இருக்கிறவர்களுக்கு இது பெரிய கஷ்டம், 3,500 ரூபாயோடு பஸ் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் அவர் திரும்பத் திரும்பச் சொல்வார், நானும் சொல்கிறேன். படித்துப் பார்க்கவே பணம் கேட்கிறவர் ஏஜென்ட்டே இல்லை. முறையான ஏஜென்ட், புத்தகம் விற்ற பிறகு உங்கள் வருமானத்தில் வழக்கமாக 15 சதவீதம் எடுத்துக்கொள்வார், வெளிநாட்டு மொழிபெயர்ப்பு உரிமைக்கு 20. அதற்கு முன் ஒரு ரூபாய் கிடையாது. பேராசிரியர் வாங்குவது கடிதம் எழுதச் சொல்லிக்கொடுக்கும் கூலி, அதையும் வேலை முடிந்து, நாம் திருப்தி என்று சொன்ன பிறகுதான் வாங்குகிறார்.

நாவல் பாதியில் நிற்கிறவர்கள் இப்போது போக வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுவார். முடித்தவர்கள் முழு அச்சுப்பிரதி, அத்தியாயப் பட்டியல் இரண்டையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் யாரையும் பார்ப்பதில்லை.